ஏழு பேர் வண்டியை ஏழு பேரோடு ஓட்டிப் பாருங்கள்

வேலூர் கொசப்பேட்டையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "நானும் மனைவியும், பதினொரு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. ஆரணியில் இருக்கும் தங்கை அடிக்கடி எங்களோடு சேர்ந்துகொள்வாள். நான் ராணிப்பேட்டை சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறேன். வண்டி வாரநாட்களில் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடும். வாரக் கடைசியில் திருவண்ணாமலை, திருப்பதி, படவேடு, சென்னை என்று போவோம். எல்லாச் செலவும் சேர்த்துப் பதினெட்டு லட்சத்துக்குள் எர்டிகா, கேரன்ஸ், ட்ரைபர், பழைய இன்னோவா இவற்றில் எதை வாங்கலாம்? பெட்ரோலா, டீசலா, சி.என்.ஜி.யா?"

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பத்துக்கு என் தேர்வு கேரன்ஸ். அதிலும் 2025-இல் வந்த கிளாவிஸ் வகை, டர்போ பெட்ரோல் எஞ்சின் (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தி வலுவைக் கூட்டும் வகை), கையால் கியர் மாற்றும் நடுத்தர மாடல். அதற்கு அடுத்தது எர்டிகா. ஆனால் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள். ஷோரூமில் இருந்து வண்டியை உங்கள் வீட்டு வாசலுக்கு வரவழையுங்கள். ஆறு பேரும் ஏறி, தங்கையையும் அழைத்துக்கொண்டு, திருப்பதிக்குக் கட்டும் பெட்டிகளையும் வைத்து, வண்டியை நிரப்பி ஓட்டிப் பாருங்கள். ஏழு இருக்கை வண்டியின் நல்லதும் கெட்டதும் அது நிரம்பிய பிறகுதான் வெளியே வரும். காலியான வண்டியில் எல்லா மாடலும் நன்றாகத்தான் ஓடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பட்டறை நடத்துகிற என்னிடம் சர்வீசுக்கு வரும் ஏழு இருக்கை வண்டிகளில் பாதிக்கு மேல் கடைசி வரிசை மடக்கியபடியே வருகிறது. இரண்டு மூன்று வருடம் ஓடிய வண்டியில்கூட அந்த இருக்கையின் பெல்ட் மடிப்புக் கலையாமல், புது வாசனையோடு இருக்கும். விசாரித்தால் ஒரே பதில்தான் வரும்: "பின்னால் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள்." ஷோரூமுக்கு அப்பாவும் மாமாவும் போய், ஆளுக்கொரு முன் இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாங்கிய வண்டி அது. கடைசி வரிசைக்காகப் பல லட்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, பண்டிகைக்கு இன்னொரு வாடகை வண்டி பிடிக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது.

முதலில் அம்மா. முழங்கால் மாற்றியவர்கள் நம்மைப் போல ஒரு காலை உள்ளே வைத்துக் குனிந்து ஏற மாட்டார்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவார்கள். அப்படி உட்கார இருக்கையின் உயரம் அவர் தொடையின் நடுப்பகுதிக்கு இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் எழுந்திருக்கும்போது முழங்காலில் முழுப் பாரமும் விழும். மேலே போனால் எம்பி உட்கார வேண்டும். கால்களைத் திருப்பும்போது கதவின் அடி விளிம்பு பாதத்தைத் தடுக்கிறதா, முன் இருக்கையின் முதுகு முழங்காலில் இடிக்கிறதா, கைக்கு எட்டும் இடத்தில் பிடி இருக்கிறதா என்று பாருங்கள். எர்டிகாவும் கேரன்ஸும் கார் போலத் தாழ்ந்த தளம் கொண்டவை; அம்மாவுக்கு எளிது. இன்னோவா கிரிஸ்டா லாரி போலத் தனி அடிச்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டி, தளம் உயரம். ஆரோக்கியமானவர்களுக்கு அந்த உயரம் சுகம். உங்கள் அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் படி வைத்து ஏறும் வேலை. இதை அவர் வாயால் சொல்ல மாட்டார், "பரவாயில்லைப்பா" என்றுதான் சொல்வார். ஆகவே அவரை ஒரு தடவைக்கு மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லி, மூன்றாவது தடவை முகத்தைப் பாருங்கள்.

கொசப்பேட்டை, சலவன்பேட்டைத் தெருக்களில் வண்டியை நிறுத்தினால் கதவை முழுதாகத் திறக்க இடம் கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும். சறுக்கித் திறக்கும் கதவு இருந்தால் அருமையாக இருக்கும். ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அப்படிக் கதவு உள்ள வண்டி மாருதி ஈகோ ஒன்றுதான். நெடுஞ்சாலைப் பயணத்துக்கு அதன் இருக்கையும் குளிரூட்டலும் போதாது. அதனால் டேப் எடுத்துத் தெருவை அளந்துகொள்ளுங்கள். எர்டிகாவின் அகலம் 1,735 மி.மீ., ட்ரைபர் கிட்டத்தட்ட அதே அளவு, கேரன்ஸ் 1,800, கிரிஸ்டா 1,830. பக்கக் கண்ணாடிகளை விரித்தால் இன்னும் கூடும். பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் நெடுஞ்சாலையில் தெரியாது. எதிரே ஒரு ஆட்டோ வரும் சந்தில் நன்றாகத் தெரியும்.

அடுத்து, கடைசி வரிசையில் யார்? உங்கள் வீட்டில் அது பெரியவனும் தங்கையும். பதினொரு வயதுக்காரன் இன்னும் நான்கு வருடத்தில் உங்கள் உயரம் வந்துவிடுவான் என்பதை மறக்காதீர்கள். பெரியவர் ஒருவர் அங்கே உட்காரும்போது தொடை இருக்கையில் படிகிறதா, அல்லது முழங்கால் நெஞ்சுக்கு ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி ஏறி நின்றால் திருவண்ணாமலை வரை தாங்கும், சென்னை வரை தாங்காது. இந்த விலையில் கேரன்ஸின் பின்வரிசை நல்லது. சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் அதில் 2,780 மி.மீ., எர்டிகாவில் 2,740. எண்ணில் சிறிய வித்தியாசம்தான், காலுக்குத் தெரிகிறது. நடு இருக்கையை ஒரு பொத்தானில் மடக்கி வழிவிடும் வசதியும் கேரன்ஸில் இருப்பதால் பின்னால் போவது சுலபம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று. நான்கு வயதுப் பிள்ளைக்குக் குழந்தை இருக்கை பொருத்துவீர்கள். பொருத்தியே ஆக வேண்டும். அதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் நடுவரிசையின் இரு ஓரங்களில் இருக்கும். குழந்தை இருக்கை பூட்டிய பகுதியை மடக்க முடியாது. ஆகவே எந்தப் பக்கத்துக் கதவு வழியாகப் பின்வரிசைக்குப் போவீர்களோ, அதற்கு எதிர்ப்பக்கம் குழந்தை இருக்கை. அப்படியானால் அம்மா எந்தப் பக்கம், அப்பா எங்கே? அம்மாவை ஓட்டுநர் பக்கத்து முன் இருக்கையில் உட்காரவைப்பது பல குடும்பங்களில் நன்றாக அமைகிறது. கதவு அகலமாகத் திறக்கும், இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் கால் நீட்டலாம். இந்த ஏற்பாட்டை வீட்டிலேயே ஒரு தாளில் வரைந்துகொண்டு ஷோரூமுக்குப் போங்கள். நடுவில் தனித்தனி இருக்கை உள்ள ஆறு பேர் வகை பார்ப்பதற்கு அழகாக இருக்கும், பிள்ளைகள் நடுவே நுழைந்து பின்னால் போகலாம். ஆனால் தங்கை சேர்ந்துவிட்டால் நீங்கள் ஏழு பேர். நீள இருக்கைதான் உங்களுக்கு.

இனி வெயில். சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டுவது வேலூருக்குப் புதிதல்ல. கோட்டை மைதானத்தின் பக்கம் நண்பகலில் நிறுத்திவிட்டு ஜலகண்டேஸ்வரரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் வண்டிக்குள் கைவைக்க முடியாது. முன்னால் இருப்பவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் குளிர்ந்துவிடும். கடைசி வரிசையில் கண்ணாடிக்கு மிக அருகில், கூரைக்கு மிகக் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வியர்வை வழிந்துகொண்டிருக்கும். கடைசி வரிசைக்குத் தனிக் காற்றுத் துவாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கேரன்ஸில் இரண்டாம், மூன்றாம் வரிசைகளுக்குக் கூரையிலேயே துவாரங்கள் உண்டு. எர்டிகாவில் நெடுங்காலம் நடுவரிசைக்கு மேலே இருந்த துவாரங்களே பின்னால் இருப்பவர்களுக்கும் காற்றைத் தள்ளின. நீங்கள் பார்க்கும் மாடலில் எப்படி என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தே சோதியுங்கள். காலையில் போகாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு, வெயிலில் நின்ற வண்டியைக் கேளுங்கள். பின்னால் உட்காரப்போகும் தங்கை எப்போது "போதும்" என்கிறாளோ அதுதான் அந்த வண்டியின் குளிரூட்டலுக்கு மதிப்பெண்.

சாமான். ஆடி மாதம் படவேடு ரேணுகாம்பாளுக்குப் பொங்கல் வைக்கப் போகும் குடும்பம் என்ன எடுத்துப்போகும்? பானை, அரிசி, வெல்லம், விறகு வேண்டாம் என்றாலும் சிறிய அடுப்பு, பாய், மாற்றுத் துணி, பிள்ளைகள் பை, தண்ணீர்க் கேன். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவில் 209 லிட்டர், கேரன்ஸில் 216 லிட்டர், ட்ரைபரில் 84 லிட்டர் இடம். 210 லிட்டர் என்றால் விமானத்தில் கையோடு எடுத்துப்போகும் அளவுப் பெட்டிகள் நான்கைந்து, அதற்கு மேல் இல்லை. ட்ரைபரின் 84 லிட்டரில் தண்ணீர்க் கேனும் செருப்பும்தான் போகும். ட்ரைபரின் தனிச்சிறப்பு, கடைசி இருக்கைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம், அப்போது 625 லிட்டர் கிடைக்கும். ஐந்து பேர் நிறைய சாமானோடு போகும் வீட்டுக்கு அது நல்ல யோசனை. ஏழு பேருக்கு உதவாது.

சி.என்.ஜி. கேள்விக்கும் இங்கேயே பதில் வந்துவிடுகிறது. எர்டிகாவின் சி.என்.ஜி. சிலிண்டர் உட்காரும் இடம், உங்கள் பொங்கல் பானை உட்கார வேண்டிய இடம். எரிபொருள் செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் ஏழு பேர் ஏறினால் பெட்டி வைக்க இடம் இருக்காது. கேஸில் ஓடும்போது எஞ்சினின் வலுவும் ஓரளவு குறையும். மலை ஏறும்போது அதை உணர்வீர்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரை அழுத்தச் சோதனைக்கு அனுப்பவும் வேண்டும். தினமும் ஒற்றை ஆளாக நூறு கிலோமீட்டர் ஓடுபவருக்கு அதை நானே பரிந்துரைப்பேன். உங்களுக்கு வேண்டாம்.

கூரைமேல் கேரியர் போட்டுச் சாமான் ஏற்றலாமே என்று ஷோரூமில் சொல்வார்கள். கொஞ்சம் துணிமூட்டைக்குச் சரி. கனமான பொருளைக் கூரையில் ஏற்றினால் வளைவில் வண்டி சாயும் அளவு கூடும். திருமலைப் பாதையில் வளைவுக்கு வளைவு அதை அனுபவிப்பீர்கள்.

எடையைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் வெற்று எடையும் மொத்த எடையும் அச்சிட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த வண்டி சட்டப்படியும் பொறியியல்படியும் சுமக்கக்கூடியது. எர்டிகா பெட்ரோலில் இது அறுநூறு கிலோவை ஒட்டி வருகிறது. சராசரி 65 கிலோ என்று ஏழு பெரியவர்கள் ஏறினால் 455 கிலோ. மிச்சம் சாமானுக்குச் சுமார் 140 கிலோ. இது தாராளம் என்று தோன்றும். ஆனால் இவ்வளவு எடை ஏறும்போது டயரின் காற்று வழக்கமான அளவில் இருக்கக் கூடாது. ஓட்டுநர் கதவுப் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இரண்டு அளவுகள் இருக்கும், ஒன்று குறைந்த ஆட்களுக்கு, மற்றொன்று முழுச் சுமைக்கு. முழுச் சுமையில் பின் டயருக்குக் கூடுதல் காற்று. இதைப் பார்த்துக் காற்று பிடிப்பவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. கோடை நெடுஞ்சாலையில் பின் டயர் வெடித்ததாகச் சொல்லி வரும் வண்டிகளில் முதலில் நான் விசாரிப்பது காற்றைத்தான்.

எஞ்சின் விஷயத்தில்தான் காலி வண்டி நம்மை அதிகம் ஏமாற்றும். சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், எர்டிகாவில் இருப்பதும் கேரன்ஸின் தொடக்க மாடல்களில் இருப்பதும், இருவரோடு ஓடும்போது பட்டு மாதிரி ஓடும். ஏழு பேரும் குளிரூட்டலும் சேர்ந்து, காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நின்று புறப்படும்போது அதன் உண்மை தெரியும். எர்டிகா ஏறாது என்று சொல்லவில்லை, நன்றாகவே ஏறும். கியரை ஒன்று குறைத்து, எஞ்சினை உறுமவிட்டு ஏற வேண்டும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பெரும்பாலும் இரண்டாவது கியர்தான். ட்ரைபரின் ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின் 72 குதிரைத்திறன். ஏழு பேரோடு அங்கே முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் இடையே தவிக்கும். ஊருக்குள் நான்கைந்து பேருக்கு அது நியாயமான விலையில் நல்ல வண்டி. உங்கள் பயணங்களுக்கு அதைத் தள்ளிவைக்கிறேன்.

கேரன்ஸின் டர்போ பெட்ரோல் 160 குதிரைத்திறன். அதைவிட முக்கியம், குறைந்த சுழற்சியிலேயே இழுவை வந்துவிடுகிறது. சித்தூர் சாலையில் லாரியை முந்தும்போது நிரம்பிய வண்டியில் அந்த இழுவைதான் உயிர் காக்கும் இடைவெளியைக் கொடுக்கும். எரிபொருள் கொஞ்சம் அதிகம் குடிக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

டீசலைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நிலை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது நிரம்பும்போது வண்டியே உள்ளுக்குள் வெப்பத்தைக் கூட்டிக் கரியை எரித்துவிடும். அதற்குத் தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓட வேண்டும். கொசப்பேட்டையில் இருந்து பள்ளி, பள்ளியில் இருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரி, அங்கிருந்து வீடு என்று எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிட்டால் கரி சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி வேகம் எடுக்க மறுக்கும். செலவுக் கணக்கு டீசலுக்குச் சாதகம்தான். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசல் 16 என்று வைத்துக்கொண்டால், பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டியும் டீசல் ஏழெட்டு ரூபாய் குறைவாகவும் இருக்கும் விலையில் ஆண்டுக்கு முப்பதாயிரம் ரூபாய் மிச்சமாகும். ஒருமுறை அந்த வடிகட்டியை மாற்ற நேர்ந்தால் சில வருட மிச்சம் போய்விடும். வாரம் தவறாமல் முக்கால் மணி நேரமாவது வண்டி நெடுஞ்சாலையில் ஓடும் என்று உங்களால் உறுதி சொல்ல முடிந்தால் டீசல் கேரன்ஸையே எடுங்கள். பிள்ளைகளின் தேர்வு மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வண்டி ஊரை விட்டு நகராது என்றால் டர்போ பெட்ரோல்.

பழைய இன்னோவா மேல் உங்களுக்கு இருக்கும் ஆசை புரிகிறது. 2005-இல் குவாலிஸுக்குப் பதிலாக வந்த நாளில் இருந்து வட ஆர்க்காட்டுக் குடும்பங்கள் அதன்மேல் வைத்த நம்பிக்கை வீண் போகவில்லை. நிரம்பிய வண்டியை எந்த ஏற்றத்திலும் பின்சக்கரங்கள் தள்ளிக்கொண்டு போகும். ஆனால் நல்ல கிரிஸ்டா கைமாறாது, கைமாறுவது பெரும்பாலும் நன்றாக அடிபட்டது. வாங்கினால் அரசின் வாகனப் பதிவு விவரம் காட்டும் பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டு, முன்பு வாடகை வண்டியாக மஞ்சள் பலகையில் ஓடியதா, கடன் பாக்கி இருக்கிறதா, எத்தனை கை மாறியிருக்கிறது என்று பாருங்கள். காட்டும் கிலோமீட்டரை நம்பாதீர்கள். சர்வீஸ் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் எழுதிய கிலோமீட்டரோடு ஒப்பிடுங்கள். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் இந்த மூன்றும் தேய்ந்திருந்து மீட்டர் அறுபதாயிரம் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அம்மாவின் முழங்காலை நினைத்தால் உங்களுக்கு இது என் முதல் தேர்வு இல்லை. 2022-இல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ், தளம் தாழ்ந்தது, பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட்டில் எரிபொருளும் மிச்சம், இடமும் தாராளம். உங்கள் வரம்பு மட்டும் பல லட்சம் கூடினால் வேறு பேச்சே இல்லாமல் அதைச் சொல்லியிருப்பேன். இன்னும் இரண்டு வருடம் காத்திருந்து அதை வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு வண்டி இப்போதுதான் தேவை.

பாதுகாப்பில் எர்டிகாவைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2024-இல் வண்டியை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் குளோபல் என்காப் சோதனையில் அது பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமே பெற்றது. பிறகு 2025-இல் ஆறு காற்றுப்பைகள் எல்லா மாடலிலும் வந்துவிட்டன. அது நல்ல முன்னேற்றம், ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்கூட்டைப் பற்றிச் சொன்ன குறை காற்றுப்பையால் தீராது. கேரன்ஸ் 2022-இல் மூன்று நட்சத்திரம். ஹைகிராஸ் நம் நாட்டுச் சோதனையான பாரத் என்காப்பில் ஐந்து. ட்ரைபர் 2021-இல் பெற்ற நான்கு நட்சத்திரமும் கேரன்ஸ் 2022-இல் பெற்ற மூன்றும் பழைய, எளிதான சோதனை முறையில் வந்தவை; புதியவற்றோடு வைத்து ஒப்பிடக் கூடாது. இதெல்லாம் எல்லோரும் பெல்ட் போட்டால்தான் பொருள்படும். கடைசி வரிசையிலும் தோள் வழியாக வரும் பெல்ட் இருக்கிறதா, பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பை அந்த வரிசை வரை நீள்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அங்கே உட்காரப்போவது உங்கள் பிள்ளை.

பணம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது: நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் வண்டிகளுக்கு 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம். ட்ரைபர் விலை குறைந்து தெரிவதற்கு இதுவும் காரணம். நம் மாநிலச் சாலை வரியோ விலையைப் பொறுத்துப் படியேறும்: ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்து முதல் இருபது வரை 18, அதற்கு மேல் 20. ஷோரூம் விலை 9.9 லட்சமாக இருந்தால் வரி சுமார் 1.29 லட்சம், 10.1 லட்சமானால் 1.82 லட்சம். இருபதாயிரம் ரூபாய் கூடுதல் வசதிக்கு ஐம்பத்து மூன்றாயிரம் வரி கூடுகிறது. எர்டிகாவின் மாடல்கள் இந்தப் பத்து லட்ச எல்லையைச் சுற்றித்தான் இருக்கின்றன. விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பத்து லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு ஒரு சதவீதம் வருமான வரி முன்கூட்டியே பிடிப்பார்கள். அது உங்கள் பணம், கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பக் கேளுங்கள்.

காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டு அந்தத் தாளைக் காட்டினாலே ஷோரூம்காரர்கள் இறங்கி வருவார்கள். மூன்றாம் நபர் காப்பீடு புதிய காருக்கு மூன்று ஆண்டுக்குச் சேர்த்துத்தான் எடுக்க முடியும். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பீட்டை விட்டுவிடாதீர்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியபோது தாழ்வான தெருக்களில் நின்ற வண்டிகளின் கதி ஊருக்கே தெரியும்; தண்ணீர் புகுந்த எஞ்சினுக்குச் சாதாரணக் காப்பீடு பணம் தராது. பள்ளிகொண்டா, வாலாஜா சுங்கச்சாவடிகளை அடிக்கடி கடப்பீர்கள் என்றால் 2025-இல் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் உங்களுக்குக் கட்டுப்படியாகும். 200 கடப்புகள் வரை செல்லும்.

ஆடியில் வண்டி எடுக்க நம் ஆட்கள் தயங்குவார்கள் என்பதால் அந்த மாதத்தில் தள்ளுபடி நன்றாகக் கிடைக்கும். ஆடியிலேயே விலை பேசி முன்பணம் கட்டி, ஆவணியில் எடுக்கலாம். தள்ளுபடி அப்போதும் செல்லும் என்று எழுதி வாங்கிக்கொண்டால் போதும். மார்கழியில் வரும் பெரிய தள்ளுபடியில் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள், ஜனவரி பிறந்ததும் அந்த வண்டி ஒரு வருடம் பழையதாகிவிடும்.

கடைசியாக ஒரு வேலை: உங்களுக்கென்று ஒதுக்கிய வண்டியைப் பதிவெண் வாங்குவதற்கு முன்பே ஷோரூம் கிடங்கில் போய்ப் பாருங்கள். பதிவான பிறகு குறை கண்டால் பழுது பார்ப்பார்களே தவிர வண்டியை மாற்றித் தர மாட்டார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3525 என்றால் 2025-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. ஐந்து டயரும் ஒரே காலத்தைச் சேர்ந்ததா என்று பாருங்கள். கதவு இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். கண்ணாடிகளில் அச்சிட்ட ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி வரிசையை நிமிர்த்தி, மடக்கி, மறுபடி நிமிர்த்துங்கள்; வண்டியின் ஏழு பெல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பூட்டிப் பாருங்கள். ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, அதை எடுக்கச் சாமானை முழுதும் இறக்க வேண்டுமா, ஜாக்கியும் ஸ்பேனரும் கைக்கு எட்டுகிறதா என்று அங்கேயே ஒருமுறை கழற்றி மாட்டச் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணமங்கலம் தாண்டி இரவு நேரத்தில் பின் டயர் பஞ்சரானால், அம்மாவையும் பிள்ளைகளையும் சாலையோரம் இறக்கிவிட்டு அதைப் பழகிக்கொண்டிருக்க முடியாது.